மிஞ்சிய மீனும் நோயாளியின் தட்டும்

மீன் குழம்பு மறுநாள்தான் ருசிக்கும் என்பது நம் பகுதியில் எவரும் மறுக்காத கருத்து. பழைய சோற்றுக்கு முந்தைய நாள் மீன் குழம்பைத் தொட்டுக்கொள்வதற்கு ஈடான காலை உணவு வேறில்லை என்று சொல்லும் பெரியவர்கள் கடமலைக்குண்டிலும் வருசநாட்டிலும் இன்றும் இருக்கிறார்கள். அந்தச் சுவையை நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் ஒருவர் நோயுற்றுப் படுத்திருக்கும்போது, மிஞ்சிய மீனைப் பற்றிய நம் பழக்கம் முழுவதையும் ஒருமுறை புதிதாக எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. மீன் வரும் வழியும், அதைச் சமைக்கும் முறையும், வைக்கும் இடமும் மாறிவிட்டன. பழக்கம் மட்டும் மாறவில்லை.

கடல் நமக்குத் தொலைவு. மூல வைகையின் கரையிலிருக்கும் நமக்கு அருகில் கிடைப்பது வைகை அணையின் மீன். 1959-இல் திறக்கப்பட்ட அந்த அணையின் கட்லாவும் ரோகுவும் ஜிலேபிக் கெண்டையும்தான் நம் சமையலறைகளுக்குப் பழக்கமானவை. கடல் மீன் என்றால் ஐஸ் பெட்டியில் பல மணி நேரம் பயணம் செய்து வருவது. இவற்றோடு இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. வளைகுடா நாடுகளில் வேலை செய்வோர் ஊருக்கு வரும்போது கொண்டுவரும் டின் மீன் அது. தேனியிலும் மதுரையிலும் பெரிய கடைகளில் அதுவே விலைக்கும் கிடைக்கிறது. டப்பாவின் மேல் டூனா என்று எழுதியிருக்கும். வேறொன்றுமில்லை, தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடலோரங்களில் பிடிபடும் நம் சூரை மீன்தான். மாசிக் கருவாடு செய்வதும் அந்த இனத்து மீனைக் கொண்டுதான்.

அறுவைச் சிகிச்சைக்குப் பின்போ, நீண்ட காய்ச்சலுக்குப் பின்போ, "புரதம் அதிகம் கொடுங்கள்" என்று மருத்துவர் சொல்கிறார். முள் இல்லை, சமைக்க வேண்டியதில்லை, நோயாளியால் எளிதில் மெல்ல முடியும் என்று வீட்டார் அந்த டின்னைத் திறக்கிறார்கள். வெங்காயமும் வெள்ளரியும் அரிந்து போட்டு, எலுமிச்சை பிழிந்து, மிளகுத்தூள் தூவி, சிலர் மயோனைஸும் சேர்த்துச் சாலட் ஆக்குகிறார்கள். பசியற்ற நோயாளி நான்கு கரண்டி உண்டுவிட்டுப் போதும் என்கிறார். பாத்திரத்தில் முக்கால் பங்கு மீதமிருக்கிறது. விலை கொடுத்து வாங்கியது, கொட்ட மனம் வருவதில்லை. மூடி வைத்தால் இரவுக்கு ஆகும், அதை விட்டால் நாளைக்கு ஆகும் என்று வைத்துவிடுகிறார்கள். என் கவலை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

உணவை வீணாக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மிச்சம் பிடிப்பது உணவு மிஞ்சிய அந்த வேளையிலேயே செய்யவேண்டிய வேலை. மூன்றாம் நாள் மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்து, "இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது" என்று தீர்ப்பு வழங்குவது சிக்கனம் ஆகாது. அந்தத் தீர்ப்பை வழங்கும் தகுதி நம் மூக்குக்கு இல்லை என்பதே உண்மை.

பழைய வழக்கம் ஏன் தாங்கியது?

முந்தைய நாள் மீன் குழம்பு நம் பாட்டிமாரை ஏன் பெரும்பாலும் படுக்கையில் தள்ளவில்லை என்று கேட்பது நியாயமான கேள்வி. விடை அக்குழம்பிலேயே இருக்கிறது. அதில் புளி மிகுதி. புளிப்பு மிகுந்த இடத்தில் பல கிருமிகள் விரைந்து பெருக முடியாது. உப்பும் அதற்குத் துணை செய்கிறது. எல்லாவற்றிலும் முக்கியமாக, இரவில் ஒருமுறையும் காலையில் ஒருமுறையும் அடுப்பிலேற்றிக் கொதிக்க விட்டுச் சுண்டவைக்கும் வழக்கம் இருந்தது. கரண்டியை ஈரக்கையோடு தொடக்கூடாது, எச்சில் படக்கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் நெருப்பும் புளியும் சேர்ந்து காவல் காத்தன.

மீன் சாலட்டுக்கு இந்தக் காவல் எதுவும் இல்லை. ஒரு மூடி எலுமிச்சைச் சாறு புளிக் கரைசலுக்கு ஈடாகாது. வெள்ளரியும் வெங்காயமும் பச்சையாக இருக்கின்றன. அவற்றைக் கழுவிய நீரும் அரிந்த பலகையும் பிசைந்த கையும் தத்தம் பங்குக்குக் கிருமிகளைச் சேர்க்கக்கூடும். அதன்பின் அது அடுப்பைப் பார்ப்பதே இல்லை. குளிர்ந்த நிலையிலேயே உண்ணப்படுகிறது. ஆகவே மீன் குழம்புக்குப் பொருந்திய நம்பிக்கையை மீன் சாலட்டின் மேல் ஏற்றிவைப்பது தவறு. சாலட் வெளிநாட்டு உணவு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தேங்காய்ச் சட்னியையும் தயிர்ப் பச்சடியையும் நாம் எவ்வளவு நேரம் வெளியே வைப்போம் என்று எண்ணிப் பார்த்தால் நமக்கே புரியும்.

மயோனைஸ் சேர்ந்துவிட்டால் எச்சரிக்கை இருமடங்காக வேண்டும். பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவும் சேமிக்கவும் விற்கவும் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின்படி வந்த ஆணை அது. சால்மொனெல்லா முதலிய கிருமிகளால் ஏற்படும் உணவு நஞ்சே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. கேரளமும் தெலங்கானாவும் அதற்கு முன்பே இத்தகைய தடையைக் கொண்டுவந்திருந்தன. தடையின் காலக்கெடு எதுவாயினும், நோயாளியின் வீட்டுக்கு அந்த அறிவுரை என்றும் பொருந்தும். வேகாத முட்டை கலந்த எதையும் அவர் தட்டில் வைக்க வேண்டாம்.

குளிர் என்ன செய்யும், என்ன செய்யாது?

ஃபிரிட்ஜ் வாங்கிய நாள் முதல் பல வீடுகளில் ஒரு தவறான நம்பிக்கை வேரூன்றிவிட்டது. உள்ளே வைத்துவிட்டால் போதும், உணவு அப்படியே இருக்கும் என்பது அது. குளிர்ச்சி கிருமிகளைக் கொல்வதில்லை, அவற்றின் பெருக்கத்தை மந்தப்படுத்துகிறது. ஃப்ரீசரின் உறைகுளிரும் அவற்றையெல்லாம் கொல்வதில்லை, பெருகவிடாமல் நிறுத்தி வைக்கிறது, அவ்வளவே. உறைந்த உணவு மீண்டும் இளகும்போது அவை விட்ட இடத்திலிருந்து தொடங்குகின்றன. ஆகவே கெடத் தொடங்கிய உணவை ஃப்ரீசரில் வைத்தால் அது கெடத் தொடங்கிய உணவாகவே வெளியே வரும். லிஸ்டீரியா என்ற கிருமியோ ஃபிரிட்ஜின் குளிரிலும் மெல்லப் பெருகக்கூடியது. கருவுற்ற பெண்களுக்கும், புற்றுநோய் மருந்து எடுப்போருக்கும், முதியோருக்கும் அது பெருந்தீங்கு செய்யும்.

உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான உணவுக்கான ஐந்து வழிகளை 2001-இல் வகுத்துக் கொடுத்தது. தூய்மை, பச்சை உணவையும் சமைத்த உணவையும் பிரித்து வைத்தல், நன்கு வேகவைத்தல், சரியான வெப்பநிலையில் வைத்தல், நல்ல நீரையும் நல்ல பொருளையும் பயன்படுத்தல் என்பவையே அவை. நான்காவது வழியின் விளக்கம் நமக்கு முக்கியமானது. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் விரைந்து பெருகும். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாள்களில் ஒரு மணி நேரமே எல்லை என்று அமெரிக்க வேளாண்துறை கூறுகிறது. நம் சித்திரை, வைகாசி வெயிலில் சமையலறை எத்தனை டிகிரியில் இருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. நம்மைப் பொறுத்தவரை ஆண்டின் பல மாதங்களுக்கு ஒரு மணி நேரம் என்பதையே விதியாகக் கொள்வது நல்லது.

முகர்ந்து பார்த்தால் தெரியாத நஞ்சு

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி ஆகிய மீன்களுக்குத் தனியாக ஓர் ஆபத்து உண்டு. அவற்றின் தசையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் மிகுதியாக இருக்கிறது. மீன் போதிய குளிரில்லாமல் கிடந்தால், சில கிருமிகள் அதை ஹிஸ்டமின் என்ற பொருளாக மாற்றுகின்றன. ஒவ்வாமை ஏற்படும்போது நம் உடலில் சுரக்கும் அதே பொருள்தான் இது. ஒருமுறை உண்டாகிவிட்டால் கொதிக்கவைத்தாலும் அழியாது, உறையவைத்தாலும் அழியாது, டின்னில் அடைத்தாலும் அழியாது. மீனின் நிறமும் மணமும் மாறாமலே இருக்கக்கூடும். சிலருக்கு நாக்கில் மிளகு கடித்தது போன்ற உறைப்பு தோன்றும். உண்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ முகம் சிவந்து எரியும், தலை வலிக்கும், நெஞ்சு படபடக்கும், உடல் அரிக்கும், சிலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

காசநோய்க்கு மாத்திரை உட்கொள்வோர் இதைக் குறிப்பாக அறிந்திருக்க வேண்டும். அம்மருந்துகளில் ஒன்றான ஐசோனியசிட், ஹிஸ்டமினைச் சிதைத்து வெளியேற்றும் உடலின் ஆற்றலைக் குறைக்கிறது. பிறருக்குத் தீங்கு செய்யாத அளவு ஹிஸ்டமின்கூட அம்மாத்திரை எடுக்கும் சிலருக்குக் கடும் தலைவலியையும் படபடப்பையும் வியர்வையையும் உண்டாக்கலாம். ஆகவே சிகிச்சை முடியும் வரை சூரை போன்ற மீன்களைத் தவிர்ப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: நிறுத்த வேண்டியது மீனை. மாத்திரையை ஒருநாளும் தாமாக நிறுத்தக் கூடாது.

டின்னைத் திறக்கும் வேளையில்

இனி நடைமுறைக்கு வருவோம். நான் பரிந்துரைக்கும் முதல் மாற்றம் மிக எளியது. முழு டின்னையும் சாலட் ஆக்காதீர்கள். டின்னைத் திறந்ததும் நீரையோ எண்ணெயையோ வடித்துவிட்டு, நோயாளி உண்ணக்கூடிய அளவை மட்டும், கை கழுவியபின் தூய கரண்டியால் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மட்டும் வெங்காயமும் எலுமிச்சையும் சேருங்கள். மீதி மீனை ஒன்றும் கலக்காமல், மூடியுள்ள கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றி உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். திறந்த டின்னிலேயே வைக்க வேண்டாம்.

உப்பு நீரில் அடைத்த மீனில் உப்பு மிகுதி என்பதால், சிறுநீரக நோயும் இதய நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள் அதை உண்ணலாமா என்று முதலிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கலந்துவிட்ட சாலட்டை 4 டிகிரிக்குக் குறைவான குளிரில் 3 முதல் 4 நாள் வரை வைக்கலாம் என்று பொதுவான வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அது நலமுள்ளோருக்கும், நன்கு குளிரும் பெட்டிக்கும், அடிக்கடி மின்சாரம் போகாத ஊருக்கும் எழுதப்பட்ட கணக்கு. நோயாளியின் தட்டுக்கு அந்தக் கணக்கை நான் ஏற்கமாட்டேன். கலந்த சாலட்டை அவ்வேளையிலேயே உண்ணுங்கள். மிஞ்சினால் அதை நோயாளிக்கு மறுபடி கொடுக்க வேண்டாம். கலக்காமல் வைத்த மீனை மறுநாளுக்குள் பயன்படுத்திவிடுங்கள். அவர் வாய் வைத்த தட்டில் மீந்ததை எதனோடும் சேர்த்து வைக்கவே கூடாது.

சாலட்டை உறையவைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வைக்காதீர்கள். வெள்ளரி, தக்காளி, வெங்காயம் ஆகியவற்றின் உள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகி அவற்றின் தசையைக் கிழித்துவிடும். இளகும்போது அவை குழைந்து நீர்விடும். மயோனைஸ் எண்ணெயும் நீருமாகப் பிரிந்துவிடும். உறையவைக்க வேண்டுமானால் வடித்த மீனை மட்டும் ஒருவேளை அளவாகச் சிறு சிறு பொட்டலங்களாக்கி, காற்றை வெளியேற்றி, நாளைக் குறித்து வையுங்கள். ஃப்ரீசர் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி குளிரில் இருந்தால் சமைத்த மீன் 2 அல்லது 3 மாதம் சுவை கெடாமல் இருக்கும். ஆனால் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் உள்ளே இருக்கும் சிறிய ஐஸ் அறை பல நேரங்களில் அந்தக் குளிரை எட்டுவதில்லை. அதில் வைத்ததைச் சில நாள்களிலேயே தீர்த்துவிடுவது நலம்.

உறைந்ததை எடுக்கும்போது சமையல் மேடையில் வைத்து இளகவிடாதீர்கள். வெளிப்புறம் வெதுவெதுப்பாகிக் கிருமிகள் பெருகும்போது உட்புறம் இன்னும் கல்லாகவே இருக்கும். முதல்நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவையுங்கள். இளகியதை மறுபடி உறையவைக்க வேண்டாம். நோயாளிக்குக் கொடுப்பதாயின் சாலட்டாக அல்லாமல் ஆவி பறக்கச் சூடாக்கி, பொரியலாகவோ கட்லெட்டாகவோ கொடுங்கள்.

மீன் குழம்புக்கும் ஒரு சொல். மண்சட்டி நெடுநேரம் சூட்டைப் பிடித்துவைக்கும். அதனால் ஆறுவதற்குள் இரவு பாதி கழிந்துவிடும். உண்டு முடித்ததும் மிஞ்சியதை அகன்ற, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, தண்ணீர் நிரப்பிய தாம்பாளத்தில் வைத்து ஆற்றி, உடனே ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். மறுநாள் வேண்டிய அளவை மட்டும் எடுத்துக் கொதிக்கவையுங்கள். முழுப் பாத்திரத்தையும் எடுத்துச் சூடாக்கி மறுபடி உள்ளே வைக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள்.

இன்சுலினும் மீனும் ஒரே பெட்டியில்

நம் பகுதியில் பல வீடுகளில் ஃபிரிட்ஜ் என்பது சமையலறைப் பொருள் மட்டுமன்று, மருந்துப் பெட்டியும் அதுவே. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் இருக்க வேண்டும். மீன் கெடக்கூடாது என்று குளிரைக் கூட்டும் திருகை உச்சத்துக்குத் திருப்பினால், ஐஸ் அறைக்கு அருகிலுள்ள இன்சுலின் உறைந்துவிடக்கூடும். ஒருமுறை உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது. இளகியபின் பார்வைக்கு நன்றாகத் தோன்றினாலும் அதன் ஆற்றலை நம்ப முடியாது. இன்சுலினை நடுத்தட்டில், ஒரு மூடிய டப்பாவில், ஐஸ் அறையையும் பின்சுவரையும் தொடாமல் வையுங்கள். பச்சை மீனை அதன் நீர் எதன்மேலும் சொட்டாதபடி மூடிக் கீழ்த்தட்டில் வையுங்கள். ஒரு சிறிய வெப்பமானியை உள்ளே வைத்தால் மீனுக்கும் மருந்துக்கும் ஒருசேரக் காவலாகும்.

மலையடிவாரத்தில் காற்றும் மழையும் வந்தால் மின்சாரம் போவது புதிதன்று. கதவைத் திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் ஏறத்தாழ 4 மணி நேரம் குளிரைத் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. சிறிய பெட்டிகளிலும் நம் வெயிலிலும் இதைவிடக் குறையும் என்று கொள்வதே அறிவுடைமை. மின்சாரம் போன நேரத்தைக் குறித்துவைத்து, எல்லை கடந்துவிட்டால் மீனும் பாலும் முட்டை உணவும் போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

தூக்குவாளியில் வரும் அன்பு

தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் மதுரைக்கும் நம் ஊர்களிலிருந்து உணவு பேருந்தில் போகிறது. அதிகாலையில் சமைத்து, தூக்குவாளியில் ஊற்றி, துணியால் கட்டி, உறவினர் ஒருவர் சுமந்து செல்கிறார். அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் காலை 6 மணிக்கு அடைத்த மீன் பகல் 1 மணிக்குத் திறக்கப்பட்டு, மீதி இரவு 8 மணிக்கு மறுபடி உண்ணப்படும்போது அது எத்தனை மணி நேரம் இளஞ்சூட்டில் இருந்திருக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். மருத்துவமனையில் இருப்பவருக்கு மீனும் முட்டைக் கலவைகளும் வெகுதூரம் பயணம் செய்து வர வேண்டாம். அங்குக் கிடைக்கும் உணவோடு, பழமும் அன்று அவித்து உரிக்காமல் கொண்டுவந்த முட்டையும் போதுமா என்று செவிலியரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேளுங்கள். கொண்டுவந்தே ஆகவேண்டுமென்றால் கொதிக்கக் கொதிக்க வெப்பக்குடுவையில் அடைத்து, ஒரே வேளையில் தீர்ந்துபோகும் அளவு மட்டும் கொண்டுவாருங்கள்.

மிச்சத்தை உண்பவர் யார்?

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய கேள்வி இதுதான். நோயாளிக்குப் புதிதாகச் சமைக்கிறோம், குழந்தைக்கும் கொடுப்பதில்லை, அப்படியானால் மிஞ்சியது எங்கே போகிறது? பெரும்பாலான வீடுகளில் அது கவனித்துக்கொள்ளும் பெண்ணின் தட்டுக்குப் போகிறது. தாயோ, மனைவியோ, மகளோ, மருமகளோ, எல்லோரும் உண்டபின் அடுப்படியில் அமர்ந்து, "கொட்டுவானேன்" என்று சொல்லி உண்கிறார். அவருக்குக் கெட்டது போலத் தோன்றினாலும் சொல்வதில்லை. வயிறு வலித்தாலும் சொல்வதில்லை.

இதை நாம் தியாகம் என்று புகழ்வதை நிறுத்த வேண்டும். நோயாளிக்கு ஆகாத உணவு அவரைக் கவனிப்பவருக்கு மட்டும் எப்படி ஆகும்? உறக்கமின்றி, வேளைக்கு உண்ணாமல் சோர்ந்திருக்கும் உடல் அது. அவர் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் படுத்துவிட்டால் நோயாளிக்கு மருந்து கொடுப்பவர் யார், டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்பவர் யார்? அது மட்டுமன்று. அவருடைய கையிலிருந்து அதே கிருமி நோயாளியின் உணவுக்குச் செல்லவும் வழியுண்டு. ஆகவே கவனிப்பவரின் தட்டும் நோயாளியின் தட்டும் பாதுகாப்பில் ஒன்றே. மிஞ்சியதை உண்ணலாமா என்ற முடிவை அவர் ஒருவர்மேல் சுமத்தாமல் வீட்டிலுள்ள ஆண்களும் பிள்ளைகளும் பங்கேற்க வேண்டும். இரவு உணவுக்குப்பின் மிஞ்சியதைப் பிரித்து, நாளெழுதி, ஃபிரிட்ஜில் வைக்கும் வேலையை வேறொருவர் ஏற்றுக்கொள்வது நல்ல தொடக்கம்.

"கூலி வேலைக்குப் போகும் வீட்டில் உணவைக் கொட்டச் சொல்கிறீர்களே" என்று கேட்கலாம். அந்தக் கேள்வியின் நியாயம் எனக்குத் தெரியும். ஒரு டின் மீனின் விலையில் எத்தனை முட்டை வாங்கலாம் என்பதை அவர்கள் என்னைவிட நன்கு அறிவார்கள். அதனால்தான், கொட்டுவதைவிட மிஞ்சாமல் பார்த்துக்கொள்வதே வழி என்கிறேன். வீட்டில் மூவர் ஒன்றாக உண்ணும் வேளையில் மட்டும் டின்னைத் திறக்கலாம். பசியற்ற நோயாளிக்கு ஒரு முட்டை, ஒரு கைப்பிடி பயறு, சின்னஞ்சிறு அணை மீன் ஒன்று என்று அளவாகச் சமைக்கலாம். இவையும் நல்ல புரதமே. கெட்ட உணவைக் காப்பாற்றியதால் மிஞ்சும் பணம், ஆட்டோவுக்கும் மருந்துக்கும் இழந்த நாள் கூலிக்கும் ஈடாகாது.

உடல் சொல்லும் எச்சரிக்கை

மீன் உண்டபின் மூச்சுத் திணறலோ, உதடும் நாக்கும் வீங்குவதோ, மயக்கமோ ஏற்பட்டால் 108-ஐ அழையுங்கள், காத்திருக்க வேண்டாம். வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கினால் உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கும் நீர் அளவு குறிக்கப்பட்ட இதய நோயாளிகளுக்கும் மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைதல், நீர்கூட நில்லாத வாந்தி, தெளிவற்ற பேச்சு இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவமனைக்கு வாருங்கள். கருவுற்றவர், பச்சிளங்குழந்தை, முதியவர், புற்றுநோய் மருந்து எடுப்பவர் ஆகியோர் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திராமல் முதலிலேயே வரவேண்டும். என்ன உண்டீர்கள், எப்போது சமைத்தது, எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள். உங்களைக் குறைகூற அல்ல, சிகிச்சையைச் சரியாகத் தேர்ந்தெடுக்கவே மருத்துவர் அதைக் கேட்கிறார்.

நிறைவாக, மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வீடு திரும்பும் நோயாளியிடம் நாம் கொடுக்கும் சீட்டில் மருந்தின் பெயரும் வேளையும் மறுபடி வரவேண்டிய நாளும் இருக்கின்றன. "புரதம் அதிகம்" என்றும் எழுதுகிறோம். அந்தப் புரதம் மிஞ்சினால் எப்படி வைக்க வேண்டும், எத்தனை மணி நேரம் வெளியே இருக்கலாம் என்று எழுதுவதில்லை. கீழே இரண்டு வரி சேர்க்கலாம்: சமைத்ததை ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைக்கவும், நோயாளிக்கு மறுநாளுக்கு மேல் வைத்த மீனைக் கொடுக்க வேண்டாம். படிக்கத் தெரியாதவர்க்குச் செவிலியர் அதை வாய்மொழியாகச் சொல்லி, சமைப்பவர் யாரோ அவரையே திருப்பிச் சொல்லவும் வைக்க வேண்டும். சீட்டு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றிரவு உண்டு முடித்ததும், மிஞ்சிய குழம்பை ஆறும் முன்பே சிறு பாத்திரங்களில் பிரித்து வையுங்கள்.